புலிகளை எண்ணியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நேபாளத் தேசியப் பூங்காக்கள் மற்றும் வன உயிரினப் பாதுகாப்புத் துறையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2010இல் 121 ஆக இருந்த உங்கள் நாட்டுப் புலிகள் 2022 கணக்கெடுப்பில் 355 ஆக உயர்ந்தன. 2021இல் காண்டாமிருகங்கள் 752 என எண்ணப்பட்டன. அண்டை நாட்டிலிருந்து இச்சாதனையை வியந்து பார்த்துவரும் நான், அதே துறையிடம் வேறொரு கணக்கைக் கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். உங்கள் மலைகளில் வாழும் எலிகள், மூஞ்சூறுகள், வௌவால்கள், முயலுக்கு உறவான சிற்றுயிர்களாகிய பைக்காக்கள் ஆகியவற்றின் இன்றைய நிலை என்ன?

2011இல் வெளியான நேபாளப் பாலூட்டிகளின் தேசியச் சிவப்புப் பட்டியல், அதாவது எந்த இனம் எவ்வளவு ஆபத்தில் உள்ளது எனக் கூறும் பட்டியல், இவற்றில் பலவற்றுக்குப் ‘போதிய தரவு இல்லை’ என்ற ஒரே விடையைத் தருகிறது. ஓர் உயிரினத்தைப் பற்றித் தெரியவில்லை என்பதால் அதற்கு ஆபத்தில்லை என்றாகிவிடாது. ஆயினும் நிதியும் ஆட்களும் ஒதுக்கப்படும் வேளையில் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

கூர்க்கா எலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் அறிவியல் பெயர் பெற்ற இச்சிற்றுயிர், மத்திய நேபாளத்தின் உயரமான ஊசியிலைக் காடுகளிலும் ரோடோடென்ட்ரான் என்ற பூமரக் காடுகளிலும் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. பன்னாட்டுச் சிவப்புப் பட்டியல் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. புலி ஒரு நாட்டில் அழிந்தாலும் பிற நாடுகளில் மிஞ்சியிருக்கும். இந்த எலியைக் காக்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள உங்களுக்கு வேறு நாடே இல்லை.

ஆனால் உங்கள் நாட்டின் 1973ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காக்கள், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்குகளைக் குறிக்கும் முதல் அட்டவணையில் அதன் பெயர் இல்லை. எறும்புத்தின்னி, புனுகுப்பூனை போன்ற லின்சாங், சிறுத்தைப்பூனை, முரட்டு முடி கொண்ட ஹிஸ்பிட் முயல் ஆகியவை இடம்பெற்ற அந்த அட்டவணையில் ஒரு வௌவாலோ, ஒரு மூஞ்சூறோ, ஒரு கொறிணியோ இல்லை. பெயர் சேர்த்துவிட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. அட்டவணையில் இருந்தும் குள்ளப் பன்றி உங்கள் நாட்டிலிருந்து மறைந்துவிட்டதே!

ஹிஸ்பிட் முயலின் கதை இன்னும் சிக்கலானது. சித்வன் தேசியப் பூங்காவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணப்படாமல் இருந்த இம்முயல் 2016இல் மீண்டும் கண்டறியப்பட்டது. உயர்ந்த புல்லுக்குள் மறைந்து வாழும் இதற்கு, தெற்குச் சமவெளியான தராயின் புல்வெளிகளில் ஆண்டுதோறும் வைக்கப்படும் தீயே பெரும் இடர். எரித்தபின் முளைக்கும் தளிர்ப்புல் மான்களுக்கு உதவுகிறது, மான்கள் புலிக்கு உதவுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. என்றாலும், குளிர்காலத்தின் பிற்பகுதியில் தொடங்கும் எரிப்பு இம்முயலின் இனப்பெருக்கக் காலத்தோடு மோதுகிறது. புல்வெளி முழுவதையும் ஒரே பருவத்தில் எரிக்காமல், துண்டு துண்டாக, ஒரு பகுதியை எரிக்கும் ஆண்டில் அடுத்த பகுதியை விட்டுவைத்து எரித்தால் மானுக்கும் முயலுக்கும் இடம் இருக்கும்.

வௌவால்களுக்கு வேண்டியது அமைதி. பெரும்பாலான வௌவால் இனங்கள் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனுவதால், ஒருமுறை குறைந்த கூட்டம் மீண்டெழ நெடுங்காலமாகும். பொக்காராவின் சமேரோ குகை போல மக்கள் விளக்கோடு நுழையும் இடங்களில், குட்டி ஈனும் மாதங்களிலேனும் குகையின் உட்பகுதிக்குள் மக்கள் நுழையாமல் தடுக்க வேண்டுகிறேன்.

கணக்கெடுப்பின் கடினத்தையும் நான் அறிவேன். புலியின் வரிகளைக் கொண்டு அதை இனங்காணும் தானியங்கி கேமரா, மூஞ்சூறுக்குப் பெரிதாக உதவாது. அதற்கு உயிர்ப்பொறிகள், மண்டையோட்டையும் பற்களையும் அளக்கத் தெரிந்தவர்கள், மரபணுச் சோதனை, வௌவால்களின் மீயொலியைப் பதிவுசெய்யும் கருவிகள் ஆகியவை தேவை. உங்கள் நாட்டின் 22,000க்கும் மேற்பட்ட சமுதாய வனக் குழுக்கள் பொந்துள்ள முதுமரங்களையும் விழுந்து மட்கும் கட்டைகளையும் அகற்றாமல் விட்டாலே, எந்தக் கருவியும் இல்லாமல் இவற்றைக் காக்கும் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் கருத்து.

சிவப்புப் பட்டியலின் அடுத்த திருத்தத்துக்கு ஒரு கால வரையறையையும், சிறு பாலூட்டிகளுக்கெனத் தனி நிதி ஒதுக்கீட்டையும் அறிவிக்குமாறும், அதன் முதல் களப்பணியைக் கூர்க்கா எலியிலிருந்து தொடங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இமயத்தின் சிற்றுயிர்கள்மீது அக்கறை கொண்ட ஒருவர்