மேட்டுக்காட்டில் மரம் வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

மாப்பிள்ளை ஆபீஸ் ஆட்கள் நம் மேச்சேரி மேட்டுக்காட்டில், அந்த மேய்ச்சல் நிலத்தில், ஆயிரம் கன்று நட்டுத் தருவதாக எழுதியிருந்தாய். நல்ல மனசுதான். ஆனாலும் வேண்டாம் என்று நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நான் சொன்னால் மாமியார் பேச்சாகிவிடும்.

மாப்பிள்ளை அந்த இடத்தைப் போட்டோ எடுத்தது பங்குனியில். அப்போது அந்தக் காடு பழுப்பாய்த்தான் கிடக்கும். ஆனால் செத்துப் போகவில்லை. கொழுக்கட்டைப் புல்லின் தூர் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். சித்திரையில் ஒரு இடிமழை நன்றாகப் பெய்யட்டும், சட்டென்று பச்சை கட்டிவிடும்.

போன மாசம் படலுக்குக் கல் நட ஆள் வைத்துக் குழி தோண்டினேன். மேலே ஒரு சாண் செம்மண், அதிலும் பாதி சரளை. அதன் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கட்டி. இன்னும் கீழே போனால் கடப்பாரை எகிறுகிற பாறை. புல் வேர் மட்டும் சுக்கான் வெடிப்புக்குள் நூல் நூலாக இறங்கியிருந்தது. அந்தக் குழியில் நாவல் கன்றை வைத்தால் அது எங்கே வேர் விடும், சொல்லு.

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த வாய், சும்மா இருக்காது, கேள். பாறை மக்கும்போது சுண்ணாம்பு கரைந்து வரும். அதை ஆழத்துக்குக் கழுவிக்கொண்டு போக நம் மழைக்குத் தெம்பில்லை. சேலம் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் விழுகிறது. அதில் பெரும்பங்கு சில மாசத்திலேயே கொட்டிவிடும், மற்ற நாளெல்லாம் வெயில் உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் காயக் காயச் சுண்ணாம்பு நடுவழியிலேயே தங்கிச் சுக்கான் கட்டியாகிவிடுகிறது. ஏற்காட்டில் நேர் எதிர். அங்கே 1500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற மழை சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிச் செம்பூரான் கல்லாக இறுகியிருக்கிறது. அதில் அலுமினியம் மிகுந்ததைத்தான் பாக்சைட் என்று வெட்டி எடுத்தார்கள். சேர்வராயன் கோயில் உச்சியிலும் புல்வெளிதான், நீயே ஓடி விளையாடியிருக்கிறாய். யாரும் அதைப் பார்த்து, ஐயோ மரமில்லையே என்று வருத்தப்படுவதில்லை!

நம் காட்டில் மரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அங்கங்கே வெள்வேலம் நிற்கிறது. சின்ன இலை, நிழல் லேசு, அடியிலும் புல் வளரும். புல் காய்ந்த கோடையில் அதன் காய்தான் ஆட்டுக்குத் தீனி. மழை விழுந்தால் நரிப்பயறு கொடி ஓடும், கொழிஞ்சி முளைக்கும். இரண்டும் பயறு வகை, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பவை. கொழிஞ்சியை ஆடு அவ்வளவாகத் தொடாது, அதனால் அது நிற்கும். இந்த மேய்ச்சலில்தான் நம் மேச்சேரி செம்மறி உருவானது. ரோமக் கட்டு இல்லாத செந்நிற ஆடு, தோலுக்கே தனி மதிப்பு. பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள்.

மிஷின் வைத்து ஆயிரம் குழி போட்டால் என்ன ஆகும் தெரியுமா? தூர் அறுந்து போகும். கிண்டின மண்ணில் முதலில் வந்து உட்காருவது சீமைக்கருவேலம். அதன் நெற்றை ஆடு தின்று, புழுக்கையோடு காடெல்லாம் விதைத்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் அது பிடித்துவிட்டது, வேரோடு பிடுங்க ஜேசிபி கூப்பிட்டும் தீரவில்லை. இப்போது அங்கே ஒரு ஆடு நுழைய வழியில்லை. நட்ட கன்றுக்குக் கோடையில் தண்ணீர் யார் ஊற்றுவது என்பது வேறு. லாரிக்காரனுக்குக் கொடுக்க என்னிடம் காசில்லை.

மாப்பிள்ளைக்கு நட்டே ஆக வேண்டுமென்றால் வேலை இருக்கிறது. வடக்கு வேலியில் கிளுவை பட்டுப்போய் மூன்று இடத்தில் சந்து விழுந்திருக்கிறது. குச்சி வெட்டி ஊன்றினால் போதும், துளிர்த்துவிடும். புரட்டாசியில் இரண்டு நாள் லீவு போட்டு வரச் சொல். குட்டிக்கு நல்ல செருப்பாகப் போட்டு அனுப்பு, இந்த வருஷம் நெருஞ்சி முள் அதிகம்.

அம்மா