கெட்ட பியரும் உங்கள் கண்டி டிப்போவும்: புகார்

வணக்கம்,

ஹொட்லைனுக்கு எடுத்தால் ஏஜென்டைக் கேளுங்கள், ஏஜென்டிடம் போனால் கண்டி டிப்போவுக்குப் போங்கள், டிப்போவுக்குப் போனால் ஹொட்லைனுக்கு எடுங்கள். அலைந்து அலைந்து களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன், தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

நுவரெலியாவில் லைசன்சோடு சின்ன கெஸ்ட்ஹவுஸ் நடத்துகிறேன். ஏப்ரல் சீசனுக்கு எடுத்த உங்கள் பச்சைப் போத்தல் லாகர் பியரைத் திறந்தால் நனைந்த கார்ட்போர்ட் மணம், அடியில் தூள் தூளாக ஏதோ மிதக்குது. சில போத்தலில் கந்தக வாடை வேறு. வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்கள். என் சீசனே நாசம்.

இரண்டு போத்தலைத் தூக்கிக்கொண்டு றம்பொடை வளைவெல்லாம் சுற்றி கண்டிக்குப் போனேன். உங்கள் அதிகாரி மூடியைக்கூடத் திறக்கவில்லை. “காலாவதித் திகதி இன்னும் இருக்கு, அதுவும் உங்க ஊர் குளிருக்கு பியர் கெடுமா?” என்றார். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, தோட்டத்து ஆட்களுக்கு இவ்வளவு ருசி கேட்குதா என்றார். அதை நான் மறக்கப்போவதில்லை.

குளிர் ஊர்தான், 1868 மீட்டர். ஆனால் பியர் இங்கே வரும் முன்பே வெந்துவிட்டதே! கீழே தகரக் கூரைக் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடந்த சரக்கு என்று உங்கள் லொறிப் பையனே சொன்னான். சூடு 10 பாகை கூடினால் பழசாகும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும், போத்தலுக்குள் மிச்சமிருக்கிற கொஞ்சக் காற்றே ருசியைக் கெடுக்கப் போதும், இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதா? கந்தக வாடை வெயிலில் வந்தது. பியருக்குக் கசப்புத் தருகிற ஹொப்ஸ் பூவின் சத்தில் வெளிச்சம் பட்டால் சில நிமிஷமே போதும், பழுப்புப் போத்தல் தடுக்கும், பச்சை தடுக்காது. அதைத் திறந்த கிரேட்டில் அடுக்கி, லொறிக்கு மேலே படங்குகூடப் போடாமல் அனுப்பினீர்கள்.

அப்புறம் ஹொட்லைன் பிள்ளை, பழசானால் ருசி கூடும் என்றார். மதுசாரம் 8 சதவீதத்துக்கு மேலான ஸ்டவுட் என்கிற கறுப்பு பியருக்குச் சரி, பதமாக வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும். 5 சதவீத லாகருக்குமா?

சரி, சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. திறக்காத கேஸ்களை இருட்டறையில் வைத்திருக்கிறேன், ஆளனுப்பி மணந்து பார்த்து, எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். அந்த அதிகாரி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு கோல் எடுத்து பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன், பில்லும் போட்டோவும் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
நுவரெலியா வாடிக்கையாளர்