இலக்கு வகுக்கக் கற்றுத்தர வாரம் ஒரு பாடவேளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணித ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு நாம் கற்றுத்தராமலே விட்டுவிடுகிற ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கல்வித் துறைக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன். என்ன ஆகப் போகிறாய் என்று பிள்ளைகளைக் கேட்கிறோம்; மருத்துவர் என்றோ மாவட்ட ஆட்சியர் என்றோ அவர்கள் சொன்னதும் கைதட்டுகிறோம்; ஆனால் அதற்காக வருகிற திங்கட்கிழமை மாலை என்ன செய்ய வேண்டும் என்பதை உட்கார்ந்து எழுதிப் பார்க்க அவர்களைப் பழக்குவதில்லை.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 19 மதிப்பெண் வாங்கியிருந்தாள். அடுத்த தேர்வுக்கான இலக்கை எழுதி வரச் சொன்னபோது, ‘அரையாண்டில் நல்ல மதிப்பெண் எடுப்பேன்’ என்று எழுதி வந்தாள். நல்ல மதிப்பெண் என்றால் எத்தனை என்று கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம்: ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 20, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 50, வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று என இரண்டு எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு 16. அந்த 16 மதிப்பெண்ணை அவள் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டபோது கவராயத்தை எடுத்துக் காட்டினாள். அதன் திருகு தளர்ந்துபோய், வில் வரையும் போதெல்லாம் முனை விலகிக்கொண்டிருந்தது. ஆகவே அவளுடைய இலக்கில் முதல் வரி புதிய கவராயம் வாங்குவது என்றானது. தாயார் நடவு வேலைக்குப் போவதால் மாலையில் சமையல் அவள் பொறுப்பு. மாலை நேரப் படிப்பு என்று எழுதியிருந்தால் அது நடந்திருக்காது. காலைப் பேருந்து தன்னை இறக்கிவிட்ட பிறகு இறைவணக்கத்துக்கு முன் அரைமணி நேரம் இருக்கிறது என்பதை அவளேதான் கண்டுபிடித்தாள். தீபாவளிக்குள் ஒத்த முக்கோணங்களும் தொடுகோடுகளும், அதற்குப் பிறகு வரைபடங்கள் என்று நாள் குறித்துக்கொண்டாள். அரையாண்டில் 41 வாங்கினாள். எண்ணிக்கை, நாள், நேரம் என்ற மூன்றும் இல்லாத இலக்கு வெறும் ஆசையாகவே நின்றுவிடும் என்பதை அந்த ஓராண்டில் அவளிடமிருந்தே நான் தெளிவாகக் கற்றுக்கொண்டேன்.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் விளக்கியபோது விவசாயி ஒருவர், “இதெல்லாம் எனக்கு என்னங்க சார் தெரியும், நீங்க பாத்துச் செய்யுங்க” என்றார். குறுவை நெல்லுக்கு எப்போது விதை விடுவீர்கள் என்று அவரிடம் கேட்டேன். சட்டென்று விரல்களை மடக்கத் தொடங்கினார். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அறுத்தாக வேண்டும். ஆடுதுறை 43 ரகம் என்றால் 110 நாள். பின்னாலிருந்து எண்ணினால் ஆனி பாதிக்குள் விதை விட்டாக வேண்டும். உங்கள் மகனுக்கும் இதே கணக்கைத்தான் நான் சொல்லித்தருகிறேன் என்றேன். முடிய வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும் இந்தப் பழக்கம் நம் டெல்டாவில் எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்குள் மட்டும் அது வந்து சேரவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

திட்டத்தை மாற்றிக்கொள்வது தோல்வி ஆகாது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். 2024-இல் மேட்டூர் அணை குறுவைக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குப் பதிலாக ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. அதற்காக யாரும் நிலத்தை விட்டு ஓடவில்லை. ஆற்று நீரை மட்டும் நம்பியிருந்தவர்கள் குறுவையை விட்டு, அடுத்து வரும் சம்பா சாகுபடிக்குத் தயாரானார்கள். 2018 நவம்பர் 16 அன்று அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தையும் சுற்றுவட்டாரத்தையும் புரட்டிப் போட்டபோது எங்கள் மாணவர்கள் பலருடைய வீட்டில் கூரையும் இல்லை, புத்தகமும் இல்லை; பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரமும் இல்லை. அந்த ஆண்டு பிளஸ் டூ மாணவர்களிடம், பழைய இலக்கைக் கிழித்துப் போடாமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்றை எழுதச் சொன்னோம். ஒரு மாணவன் ‘பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரம்’ என்று மட்டும் எழுதியிருந்தான். அன்றைய நிலையில் அதைவிடச் சரியான இலக்கு வேறு இல்லை.

‘நான் முதல்வன்’ திட்டம் 2022-இல் தொடங்கப்பட்ட பிறகு உயர்கல்வி வழிகாட்டுதல் அரசுப் பள்ளிகளுக்குள் வந்திருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். எங்கே படிக்கலாம் என்பதை அது சொல்கிறது. அங்கே போய்ச் சேரும் வரை நாள்தோறும் நடக்க வேண்டிய நடையை வகுப்பறையில்தான் பழக்க முடியும். திருவாரூர் அருகே நீலக்குடியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தின் வாசல் வழியாகத் தினமும் பேருந்தில் போய்வந்த ஒரு மாணவன், அங்கே சேர்வதற்கான நுழைவுத் தேர்வுக்குப் பிளஸ் டூ முடிவுகள் வெளிவரும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை முடிவு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டான். ஒரு தேதியைக் குறித்து வைக்காததால் ஓர் ஆண்டு போயிற்று.

படிப்பைச் சாராத இலக்குகளையும் விட்டுவிடக் கூடாது. இரவு ஒன்பதரைக்குக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுவது, வாரம் 20 ரூபாய் சேர்ப்பது, தம்பிக்கு வாய்பாடு சொல்லித்தருவது போன்றவை ஒரு பிள்ளை தன் சொல்லைத் தானே காப்பாற்றிப் பார்க்கக் கிடைக்கும் முதல் வாய்ப்புகள்.

ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. தேர்வு, மதிப்பெண், பாடநூல் எதுவும் வேண்டாம். ஒரு குறிப்பேடு போதும். வகுப்பாசிரியர் அதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை படித்து, ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். தயவுசெய்து இதையும் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தகவல் தளத்தில் பதிவேற்ற வேண்டிய இன்னொரு படிவமாக ஆக்கிவிடாதீர்கள். பிள்ளையோடு பேச வேண்டிய நேரத்தை அது தின்றுவிடும். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும் வரை காத்திருக்காமல், பள்ளி மேலாண்மைக் குழுவின் வரும் கூட்டத்திலேயே பெற்றோர் இதைக் கேட்கலாம். எங்கள் வட்டாரத்தில் எந்தப் பள்ளி முன்வந்தாலும், அந்தப் பாடவேளையில் ஆசிரியர்களுக்குத் துணையாக உட்காரச் சம்பளம் எதுவும் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருத்துறைப்பூண்டி, திருவாரூர் மாவட்டம்.