பேருந்து ஊருக்குள் வந்தால்தான் மிட்டாய்க்குப் பெயர் நிலைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழில் சின்ன ஊர்களின் பலகாரங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மணப்பாறை முறுக்கு, சாத்தூர் சேவு, எங்கள் கோவில்பட்டி கடலை மிட்டாய், திருநெல்வேலி அல்வா என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் அந்தந்த ஊர்த் தண்ணீரும் கைப்பக்குவமுமே காரணம் என்று முடித்திருந்தார்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மதுரை–திருநெல்வேலி தடத்தில் 29 வருடம் நடத்துநராக விசில் ஊதியவன் நான். கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. பேருந்து நிலையத்தில் வண்டி நின்ற அந்தப் பத்து நிமிடத்துக்கும் இந்தப் பெயரில் பங்கு உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த 1986-இல் எல்லா வண்டியும் ஊருக்குள் வந்துதான் போகும். சாத்தூரில் வண்டி வளைந்து நுழையும்போதே கூடையோடு ஓடி வருவார்கள். கோடைக்காலமென்றால் பிஞ்சு வெள்ளரிக்காய், நீளவாக்கில் கீறி மிளகாய்ப்பொடி தடவியது. மற்ற நாளில் காராச்சேவு. பூண்டும் மிளகாயும் சேர்ந்த வாசனை ஜன்னல் வழியாக ஏறி வரும். அங்கிருந்து அரை மணி நேரத்தில் கோவில்பட்டி. நிறுத்தியதும், "அண்ணாச்சி, எடுத்துராதீங்க, ஒரு கிலோ மிட்டாய் மட்டும் வாங்கிட்டு ஓடியாந்துர்றேன்" என்று நாலு பேராவது இறங்குவார்கள். அவர்கள் திரும்பும்வரை டிரைவரும் பொறுத்திருப்பார். சென்னைக்கும் பம்பாய்க்கும் எங்கள் ஊர்ப் பெயரைக் கொண்டுபோனது அவர்கள் மடியிலிருந்த அந்தப் பொட்டலம்தான். மணப்பாறையில் இதே வேலையை ரயில் செய்தது. திண்டுக்கல்–திருச்சி பாதையில் போனவர்களுக்கு முறுக்கு விற்பவர்களின் குரல் நினைவிருக்கும்.

வண்டி நின்றதால் வியாபாரம் நடந்தது, அவ்வளவுதானே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வறுத்த கடலை வைத்திருக்க வைத்திருக்கக் கெடும் பொருள். அதில் எண்ணெய் அதிகம், காற்றுப் பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். காலையில் வெட்டிய மிட்டாய் சாயங்காலத்துக்குள் தட்டைவிட்டுப் போய்விட வேண்டும். எங்கள் ஊர்க் கடைகளில் அப்படித்தான் போனது. மறுநாளும் புதுப் பருப்பு, புதுப் பாகு. பலர் வாங்கியதால் புதிதாக இருந்தது, புதிதாக இருந்ததால் இன்னும் பலர் வாங்கினார்கள். ருசி என்று ஊரெல்லாம் பேசுகிற விஷயத்துக்குள் இந்த ஓட்டமும் இருக்கிறது.

என் அக்கா 19 வருடம் ஒரு மிட்டாய்ப் பட்டறையில் வேலை பார்த்தவர். மணலில் வறுத்த கடலையைத் தேய்த்துத் தோலை நீக்கி, சுளகில் புடைத்து, இரண்டாக உடைந்த பருப்பிலிருந்து முளையைத் தனியாக ஒதுக்குவார். அந்த முளை இரண்டு தங்கினாலும் நாக்கில் கசப்பு தெரியும் என்பார். கருகினது, சொத்தை, சூம்பினது எல்லாம் விரல் நுனிக்கே தெரிந்துவிடும், கண் அதைப் பார்க்கவே வேண்டாம். மாஸ்டர் கொதிக்கும் வெல்லப் பாகில் கரண்டியை விட்டு ஒரு சொட்டைத் தண்ணீரில் போடுவார். அதை எடுத்துத் தட்டில் எறிந்தால் கல் விழுந்த மாதிரி சத்தம் கேட்க வேண்டும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது பாகு இன்னும் கொஞ்சம் முற்ற வேண்டும், இல்லாவிட்டால் மிட்டாய் வியர்த்துப் பிசுபிசுக்கும். பருப்பைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, கட்டையால் உருட்டி, சூடு ஆறுவதற்குள் கோடு போட்டு வெட்டிவிடுவார்கள். மேலே சிவப்பும் பச்சையுமாகச் சாயமேற்றிய தேங்காய்த் துருவல். இதையெல்லாம் செய்த பெண்களில் ஒருவர் பெயரும் எந்த டப்பாவிலும் அச்சானதில்லை.

இன்னொரு காரணம், எங்கள் ஊர்க்காரர்களே. இது கரிசல் பூமி, மானாவாரி விவசாயம், வானம் பார்த்த பிழைப்பு. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர்களுக்கும் பெட்டி ஒட்டியவர்களுக்கும் பசியாற்றியது கடலை மிட்டாய். கையில் இருக்கிற சில்லறைக்கு வயிறு தாங்குகிற பண்டம் வேறு என்ன இருந்தது? வழிப்போக்கனை ஒருநாள் ஏமாற்றலாம், அவன் திரும்பி வரப்போவதில்லை. தினமும் வாங்குகிற தொழிலாளியிடம் நேற்றைய சரக்கைத் தள்ளினால் மறுநாள் கடை வாசலில் நின்று சண்டை போடுவான். அந்தச் சண்டைக்குப் பயந்து செய்த மிட்டாயைத்தான் வெளியூர்க்காரரும் வாங்கிப் போனார்கள். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும் இப்படித்தான் பெயர் எடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். எண்ணெய், பருப்பு, வத்தல் வியாபாரம் நடக்கிற ஊரில், கடையடைத்துவிட்டு வரும் வியாபாரியும் மூட்டை தூக்கிய தொழிலாளியும் ராத்திரி உட்கார்ந்து சாப்பிடும்போது ருசி குறைந்தால் விடுவார்களா?

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். நாற்கரச் சாலை வந்த பிறகு நீண்ட தூர வண்டிகள் பல, ஊரைத் தொடாமலே போகின்றன. விரைவாகப் போவது பயணிகளுக்கு நல்லதுதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே வண்டிகள் சாலையோர உணவகங்களில் இருபது நிமிடம் நிற்கின்றன. சென்ற சித்திரையில் மதுரையிலிருந்து திரும்பும்போது அப்படி ஓர் உணவகத்தில் நிறுத்தினார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பாக்கெட் அடுக்கியிருந்தது. பக்கத்திலேயே 'திருநெல்வேலி அல்வா', 'சாத்தூர் சேவு'. மிட்டாய் பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரியும் இல்லை, தேதியும் இல்லை. ஒன்று வாங்கிவந்து அக்காவிடம் கொடுத்தேன். ஒரு கடி கடித்தவர் உடனே வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "பருப்பு காறுதுடா. முளையக்கூட எடுக்கல. இதுலபோய் நம்ம ஊரு பேரப் போட்டிருக்கான்" என்று சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. அன்று அந்த வண்டியில் வந்தவர்கள் எத்தனை பேர் அதை வாங்கி, கோவில்பட்டி மிட்டாய் இவ்வளவுதானா என்று நினைத்திருப்பார்கள்!

எங்கள் மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதற்கு முந்தைய வருடம், மணப்பாறை முறுக்குக்கு 2023-இல். எங்களுக்குக் கிடைத்த அன்று ஊரே பட்டாசு வெடித்துக் கொண்டாடாத குறைதான். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்றார். சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கும்போது, சாலையோரத்தில் பகிரங்கமாக விற்கிற பாக்கெட்டை யாராவது ஒருமுறை எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டாமா? உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் தேதி இல்லாத பாக்கெட்டுக்கு நடவடிக்கை எடுக்கலாம். உற்பத்தியாளர் சங்கத்தினர் பெயரைக் காக்க முன்வந்து புகார் கொடுக்க வேண்டும். கடைக்காரர்கள் தனித்தனியாக அலைந்தால் நடக்காது.

போக்குவரத்துத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். பாயிண்ட் டு பாயிண்ட் வண்டிகள் அவற்றின் வழியில் போகட்டும். மற்ற வண்டிகள் சாத்தூருக்குள்ளும் கோவில்பட்டிக்குள்ளும் வந்து போகட்டும், கால் மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை. எல்லா வண்டிக்கும் அது முடியாதென்றால், நாற்கரச் சாலையை ஒட்டியிருக்கிற எங்கள் கூடுதல் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடமாவது நிறுத்தி, உணவகத்தில் நிற்கிற நேரத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அங்கே ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு, முக்கியமாகப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நடத்துபவர்களுக்கு, நான்கு கடைகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்க நகராட்சி யோசிக்க வேண்டும். அன்றன்று வெட்டிய மிட்டாயைத் தட்டோடு கொண்டுவந்து வைத்து, பயணியின் கண் முன்னால் நிறுத்துக் கொடுக்கட்டும்.

தங்கள் நிருபர் ஒருவரை ஒருநாள் காலை ஐந்து மணிக்குக் கோவில்பட்டிக்கு அனுப்பிவையுங்கள். அந்த நேரத்துக்குப் பட்டறைகளில் பாகு கொதிக்க ஆரம்பித்திருக்கும். நானே உடன் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர்,
கோவில்பட்டி