கையெழுத்துக்கு அப்புறம் அதிரசம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டிவலிதான் இன்னும் விடவில்லை.

செயலாளராகி நீ நடத்திய முதல் செயற்குழுக் கூட்டம் மூன்றரை மணி நேரம் இழுத்தது, கடைசியில் என்ன முடிவானது என்று உனக்கே தெரியவில்லை என்று போனில் சொன்னாய். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சிறப்புப் பள்ளிச் சங்கத்தில் ஒன்பது வருஷம் நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவள்.

ஒரு விஷயம் உன்னிடம் சொன்னதே இல்லை. எங்கள் பொருளாளர் திடீரென்று காலமானார். அவர் கையெழுத்து இல்லாமல் செக் செல்லாது. அவசரமாகக் கூட்டம் போட்டோம். பாதி நேரம் அவரைப் பற்றியே பேசி அழுதோம். அப்புறம் ஏகமனதாக வேறொருவரைத் தேர்ந்தெடுத்தோம். மினிட் புத்தகத்தில் நான் எழுதியது ஒரே வரி: "பொருளாளர் மாற்றம் குறித்து விவாதிக்கப்பட்டது." நகலோடு வங்கிக்குப் போனேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "விவாதிச்சீங்க, சரிம்மா. என்ன முடிவு பண்ணீங்க?" என்றார். யார் பெயர், எந்தக் கணக்கு, யாரோடு சேர்ந்து கையெழுத்து, எதுவுமே அதில் இல்லை. மறுபடி நோட்டீஸ், மறுபடி கூட்டம். ஆயாக்களுக்கு அந்த மாதச் சம்பளம் இருபது நாள் தள்ளிப்போனது. தப்பு முழுக்க என்னுடையது.

அதிலிருந்து அஜெண்டாவில் உள்ள ஒவ்வொரு பொருளும் முடிந்ததும் பேச்சை நிறுத்தச் சொல்லி, தீர்மானத்தை அங்கேயே எழுதி உரக்க வாசிப்பேன். யார் செய்வது, எத்தனை ரூபாய்க்குள், எந்தத் தேதிக்குள், முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார். வாசிக்கும்போதுதான் "நான் அப்படிச் சொல்லலையே" என்று ஒருவர் எழுந்திருப்பார். எழுந்திருக்கட்டும், அங்கேயே தீர்ந்துவிடும். புத்தகத்தை வீடு வீடாகத் தூக்கிப்போய்க் கையெழுத்து வாங்கும் வேலை மட்டும் வேண்டாம்.

அஜெண்டாவில் கடைசியாக "தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்" என்று போடுவோம் இல்லையா, பெரிய செலவெல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே நுழையும். விடாதே. பணம் சம்பந்தப்பட்டதை முதலில் வை, பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துபோவதற்குள். வரவு செலவுத் தாளை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடு. கூட்டத்தில் வரி வரியாக வாசித்தால் தூக்கம்தான் வரும்.

வெளிநாட்டு நன்கொடையும் வாங்குகிறீர்கள் என்றாய். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (FCRA) 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை இடம் இருந்தது. ஆபீஸ் சம்பளத்தை உயர்த்தத் தீர்மானம் வந்தால், பொருளாளர் முதலில் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டட்டும். உங்கள் சங்கம் 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானதுதானே? செயற்குழுவின் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. இப்போதுள்ள குழு என்றைக்குத் தேர்வானது என்று பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிடு.

உங்கள் தலைவரின் நீண்ட பேச்சுக்கு என்னிடம் மருந்து இல்லை. எங்கள் தலைவரையும் ஒன்பது வருஷம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை என்றாயே, அஜெண்டா எழுதியதும் போட்டோ எடுத்து அனுப்பு. அதிரசம் பார்சலில் போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் கொடு, ஆனால் புத்தகத்தில் கையெழுத்து வாங்கின அப்புறம்.

அன்புடன்,
அம்மா