ஸ்கேன் செய்த ஃபிலிம் படங்கள்: அனுப்பும் முன்

நண்பர்களே, காப்பகத்துக்கான படங்களை 16 பிட் டிஃப் (TIFF, தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாகவே கொடுங்கள். அந்த மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம், திருத்தமெல்லாம் நகலில்தான்.

தூசி, கீறல் நீக்க ஸ்கேனரில் உள்ள அகச்சிவப்பு வசதி வண்ண நெகட்டிவுக்கு அருமை. வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அதை அணைத்துவிடுங்கள். படலத்தில் உள்ள வெள்ளி அகச்சிவப்பை மறைப்பதால், மென்பொருள் படத்தையே தூசி என்று நினைத்து இமை, முடியிழை எல்லாவற்றையும் மெழுகிவிடும். அதனால் அந்த ஃபிலிமில் தூசியைத் திரையில் 100% அளவில் பார்த்து, புள்ளி புள்ளியாகக் கையால்தான் எடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான், என்ன செய்வது! ஃபிலிமுக்கே உரிய பொடிமணித் தன்மையான கிரெய்னை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.

அச்சுக்கு 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) போதும். 35 மிமீ நெகட்டிவ் 3200 பிபிஐ-யில் தெளிவாக ஸ்கேன் ஆகியிருந்தால் 10×15 அங்குலம் வரை தாராளமாகப் போடலாம். முதலில் அளவை மாற்றுங்கள், அப்புறம் ஷார்ப்பன் செய்யுங்கள், அதாவது விளிம்புகளைக் கூர்மையாக்குங்கள்.