பினாங்கிலிருந்து ஒரு கண் கதை

அன்புள்ள சேகர்,

உன் மெசேஜுக்குப் பதில் போட இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. போனைக் கண்ணருகில் வைத்தாலே எரிச்சல் வந்தது.

போன மாதம் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டே குளியலறைச் சுவரைப் பார்க்கிறேன், டைல்ஸ் கோடெல்லாம் வளைந்து கிடக்கிறது. ஒட்டியவன் சொதப்பிவிட்டான் என்று அவனைத் திட்டிவிட்டு, அப்புறம் சும்மா இடது கண்ணை மூடிப் பார்த்தேன், கோடு நேராகிவிட்டது. வலது கண்ணை மூடினால் மறுபடி வளைவு, நடுவில் ஈரம் பட்ட காகிதம் போல ஒரு மங்கல் வட்டம். தே தாரிக் டீ கிளாஸ்கூட அந்தக் கண்ணுக்குச் சிறுத்துத் தெரிந்தது.

கண் டாக்டர் ஸ்கேன் எடுத்துத் திரையில் காட்டினார். விழித்திரை நடுவில் பூரி மாதிரி உப்பியிருந்தது. அடியில் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலம் கசிந்து நீர் தேங்கியிருக்கிறதாம். பெயர் சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி, சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். 1866லேயே ஃபான் கிரேஃபே என்ற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். நம் வயது ஆண்களுக்குத்தான் அதிகம் வருமாம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, தூக்கம் எப்படி என்பதுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மூன்று மாதமாக நைட் ஷிஃப்ட், ஆள் குறைப்புப் பேச்சு வேறு, விடியற்காலையில் வந்து படுத்தால் வீட்டுக் கடன்தான் கண்ணுக்குள் ஓடும். மனம் அப்படி இறுகிக் கிடந்தால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், அதற்கும் இந்தக் கசிவுக்கும் தொடர்பு உண்டு என்றார். கவலை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. எனக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், கண்ணிடம் அந்தப் பொய் எடுபடவில்லை.

அடுத்த கேள்வி ஸ்டீராய்டு மருந்து ஏதாவது எடுக்கிறேனா என்பது, அதுவும் இந்தக் கசிவைத் தூண்டலாமாம். மாத்திரை, ஊசி மட்டுமில்லை, மூக்கு ஸ்ப்ரே, இன்ஹேலர், தோலுக்குப் பூசும் கிரீம்கூடக் கணக்கில் வருமாம். இதை எழுதவே உட்கார்ந்தேன், நீ வருஷக்கணக்கில் இன்ஹேலர் இழுக்கிறாயே! நீயாக நிறுத்திவிடாதே, இளைப்பு வந்தால் ஆபத்து. ஆனால் எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் அதை முதலில் சொல். மாதம் ஒரு முறை ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பியைப் பார்.

எனக்கு இப்போதைக்கு மருந்தில்லை. பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் நீர் தானாக வற்றிவிடும், வற்றாவிட்டால் லேசர் மாதிரி ஒரு சிகிச்சை இருக்கிறது, திரும்பவும் வரலாம் என்றார். பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிவிட்டேன், சம்பளம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வட்டம் சற்றுச் சுருங்கியிருக்கிறது.

தைப்பூசத்துக்கு வருகிறாய்தானே? பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரியில் வந்துவிடு. பாலத்தில் இன்னும் நான் கார் ஓட்டுவதில்லை.

உன்,
முத்து